வானத்தில் போன ஜெபமாலை

என் மனைவியின் வேடத்தைப் போட்டுக்கொண்டு நான் பதினோரு இடங்களில் நடித்திருக்கிறேன். பத்து இடம் வரைக்கும் அது அவளுக்குத் தெரியாது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக அட்டெண்டர் வேலை. மணி அடிப்பேன், சுற்றறிக்கை கொண்டு போவேன், ஆய்வுக்கூடத்தைத் திறந்து பூட்டுவேன். வீடு வில்லாபுரத்தில். காலையில் முடிந்தால் பூசை, சாயங்காலம் தவறாமல் குடும்ப ஜெபம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு என்று போகிற வீடு. எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொண்டுபோன கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மறைத்தவன் நான்.

எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் முடித்து மதுரையிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு எழுதிப்போட்டு, அது கிடைத்தும்விட்டது. எங்களிடம் கிடைத்த பிறகுதான் சொன்னாள். என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

“ஒத்தப் புள்ளையக் கடலத் தாண்டி அனுப்பிட்டு நான் யாருக்குச் சோறாக்க? போக வேணாம்.”

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. அவள் சுபாவம் அது. பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். ஒரு மாதம் போல வீடு அப்படியே கிடந்தது. கடைசியில் என் மனைவிதான் இறங்கி வந்தாள்.

“மாதாகிட்ட ஒம்பது நாள் நவநாள் சொல்றேன். ஒம்பதாம் நாள் முடியறதுக்குள்ள ஓர் அடையாளம் காட்டச் சொல்லிக் கேக்குறேன். காட்டுனா நீ போ. காட்டலன்னா இந்தப் பேச்ச விட்ரணும்.”

எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. பீடத்துப் பூ தானாக விழுகிறதா, வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்தால் எந்த வசனம் வருகிறது என்று பார்ப்போம். பங்குச் சாமியார்கள் பிரசங்கத்தில் கண்டித்தாலும் நாங்கள் விடுவதில்லை. மகள் சரி என்றாள். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவியின் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது.

ஒன்பதாவது நாள் சோழவந்தானில் என் மச்சினன் வீட்டில் ஒரு விசேஷம். அவனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. மகளுக்கு டியூட்டி என்பதால் நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு, பொழுது இறங்கி ஏழு மணி வாக்கில், வாய்க்கால் கரை வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். தெருவிளக்கு இல்லாத பாதை. வடமேற்கே கருவேல மரங்களுக்கு மேல் ஒரு வெளிச்சம் எழும்பியது. விமானம் என்று நினைத்தேன். அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், நூலில் கோத்தது போல, வரிசையாக மேலேறி எங்கள் தலைக்கு மேல் போயின. சத்தம் என்பதே இல்லை. தவளை கத்துவது மட்டும் கேட்டது.

என் மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். சரளைக்கல் மேலேயே மண்டி போட்டாள்.

“ஏங்க, ஜெபமாலைங்க.”

நானும் மண்டி போட்டேன். இதைப் படிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நானும் மண்டி போட்டேன். எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த வெளிச்சங்கள் தென்கிழக்கே ஓர் இடத்துக்குப் போனதும் ஒவ்வொன்றாக மறைந்தன. முதல் மணி மறைந்த அதே இடத்தில் இரண்டாவது மணியும் மறைந்தது. யாரோ விரலில் உருட்டி உருட்டி விடுவதுபோல இருந்தது. கடைசி மணி மறையும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

“தெக்குக் கிழக்கால போச்சு பாத்தீங்களா? சிங்கப்பூர் அந்தப் பக்கந்தான?”

எனக்குத் திசை அவ்வளவு நிச்சயமில்லை. “ஆமா” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். “போயிட்டு வாடி. அம்மா தடுக்கல. மாதாவே வானத்துல வந்து வழி காட்டிட்டா” என்றாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இரண்டு மாதத்தில் அவள் விமானம் ஏறினாள்.

எங்கள் தெருப் பெண்கள் வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அங்கே என் மனைவி இதைச் சாட்சியாகச் சொன்னாள். சரளைக்கல் குத்தின முட்டியைக்கூடக் காட்டினாளாம். சில பேர் அந்தத் தழும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் என்று வீட்டுக்கு வந்து கூச்சத்தோடு சொன்னாள். அதோடு அவள் அதைப் பெருமையாக எங்கும் பேசவில்லை. மகளிடம் மட்டும்தான் பேசினாள். முதல் ஆறு மாதம் அந்தப் பிள்ளை அங்கே ரொம்பச் சிரமப்பட்டது. கிழவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி, பேசுவது புரியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. போனில் அழும். இவள் இங்கிருந்து, “நாமளா எடுத்த முடிவா இருந்தா வந்துருன்னு சொல்லிருவேன்டா. அவ காட்டுன வழி. பல்லக் கடிச்சுக்க” என்பாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் இவளுக்கும் தூக்கம் வரும்.

அதெல்லாம் என்ன என்று எனக்குத் தெரிந்தது மகள் போய் நான்கைந்து மாதத்துக்குப் பிறகு. எங்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர். என்னைவிட ரொம்பச் சின்னவர், துடிப்பானவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி ஒரு படம் கொடுத்தார். ஸ்டூல் மேல் ஏறிப் பின் குத்திக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு வானம். குறுக்கே ஒரு வரிசை மணி.

“சார், இது என்ன சார்?”

“சாட்டிலைட்ணே. இன்டர்நெட்டுக்காக விடுறது. ஒரே ராக்கெட்ல கொத்துக் கொத்தா கொண்டு போய்க் கொட்டுறாங்க. புதுசா விட்ட கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் ரயில் மாதிரி வரிசையாப் போகும்.”

“அப்பறம் ஏன் சார் ஒண்ணொண்ணா மறையுது?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அட, அண்ணே பாத்திருக்கீங்களா? பூமியோட நிழலுக்குள்ள போயிரும். வெயில் படாதுல்ல, அதான் மறையுது.”

யாரைக் கேட்டு விடுகிறார்கள் என்று கேட்டேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன, இன்னும் ஆயிரக்கணக்கில் வரப்போகின்றன, வானத்தைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறவர்களின் படத்தில் எல்லாம் கோடு விழுகிறது என்றார். அந்தக் கோடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் வீட்டில் விழுந்த கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே போன் பேச்சு கேட்டது. “அவ காட்டுன வழிடா...” நான் கைகால் கழுவிவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு நாள் என்று ஒன்று வரவே இல்லை. அவள் அந்த ஜெபமாலையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் அந்த ஆசிரியர் இந்தச் சாட்டிலைட்டுகளைப் பற்றி நாடகம் போட ஆரம்பித்தார். தெருவில், மேடை இல்லாமல், சுற்றி நின்று பார்க்கிற மாதிரி. பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் நடுவில் போடுவோம். அந்த பெஞ்சுதான் வானம். அதில் வெள்ளைச் சுடிதார் போட்ட பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் நட்சத்திரம். சாட்டிலைட்டுகளாகத் தலையில் ஜிகினாத் தொப்பி வைத்த பையன்கள் ஒவ்வொருவராக வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறுகிற மாதிரி, “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா”, “இன்னுங் கொஞ்சம்”, “ஒரு ஆளுதாம்மா, ஒல்லியான ஆளு” என்று நெருக்கி நெருக்கி உட்காருவார்கள். முடிவில் அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் தரையில் விழும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிறகு ஆசிரியர் நடுவில் வந்து நின்று பேசுவார், நோட்டீஸ் கொடுப்போம்.

எனக்கு அந்த நாடகம் பிடித்திருந்தது. நட்சத்திரம் விழுகிற இடத்தை ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பேன். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆனால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. செல்லூரில் ஒரு முச்சந்தியில் போட்டோம். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பையன்கள் கத்துவது அவர்களுக்கே கேட்கவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸ் காலியானதும் போய்விட்டார்கள். நோட்டீஸை வாங்கினவர் ஒருவர் அதிலேயே வடையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தார்.

மறுநாள் ஆசிரியர்கள் அறையில் அவர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். கூட நடிக்கிற இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். நான் சுற்றறிக்கையோடு போயிருந்தேன்.

“வானத்துல என்ன நடந்தா எனக்கென்னன்னு போயிர்றாங்கண்ணே. அவங்க வீட்டுக்குள்ள வந்து நின்னாத்தான் பாப்பாங்க போல.”

“எங்க வீட்டுக்குள்ளயே வந்துச்சு சார்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு நிறுத்தியிருக்கலாம். அவர் எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருபத்தாறு வருடத்தில் அந்த அறையில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. நான் உட்கார்ந்தேன். வாய்க்கால் கரை, செருப்பைக் கழற்றினது, முந்தானை, சரளைக்கல் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நானும் மண்டி போட்டதை மட்டும் சொல்லவில்லை. ஏன் விட்டேன் என்று கேட்டால், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“அண்ணே, இதுதாண்ணே நாடகம். நீங்களே அந்த அம்மாவா நடிங்க. உங்க உடம்பு வாகுக்குச் சேல நல்லா நிக்கும்.”

அடுத்த வாரம் சேலை கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் போனேன். முதல் தடவை நான் கேலி செய்யவில்லை, இது சத்தியம். அவள் எப்படி மண்டி போட்டாளோ அப்படியே போட்டேன். அவள் சொன்னதையே சொன்னேன். ஆனால் எனக்குப் பின்னால் ஜிகினாத் தொப்பிப் பையன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: “ஏ மாப்ள, ஆத்தா உருகுறதப் பார்ரா! இம்புட்டுப் பக்திய எங்க வாங்குச்சு?” அவ்வளவுதான், கூட்டம் வெடித்துச் சிரித்தது. டீக்கடைக்காரரே வெளியில் வந்து நின்றார். யாரும் கலையவில்லை. ஆசிரியர் பேசி முடிக்கும் வரை நின்றார்கள்.

“பயமுறுத்துனா நிக்க மாட்டாங்கண்ணே. சிரிக்க வச்சா நிப்பாங்க. இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க” என்றார்.

கூட்டினேன். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம். செருப்பை ஜோடி சேர்ப்பதை மூன்று தடவை செய்தேன். முந்தானை நழுவ நழுவ இழுத்து விட்டேன். அவளுக்கு அழும்போது மூக்கை உறிஞ்சிவிட்டு “ஆண்டவரே” என்கிற பழக்கம் உண்டு, அதையும் போட்டேன். பிறகு நானாகவே ஒரு வசனம் சேர்த்தேன். மண்டி போட்டபடி சாட்டிலைட் பையனின் காலைப் பிடித்து, “எம் மகளுக்கு நல்ல வழி காட்டுப்பா” என்பேன். அவன், “ஆத்தா, எங்கிட்ட நெட்டு மட்டுந்தான் இருக்கு, காலவிடு” என்பான். எங்கு போட்டாலும் இதற்குக் கைதட்டல் நிச்சயம். ஆசிரியர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பஸ்ஸில் ஒருவர், “அண்ணே, அந்த ஜெபமாலைக்கார ஆத்தா நீங்கதான?” என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார். நட்சத்திரம் பெஞ்சிலிருந்து விழுகிற இடத்தை யாரும் என்னிடம் பேசினதில்லை.

வீட்டில் கேட்டால் சாரோட நாடகத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போகிறேன் என்பேன். “நல்ல காரியந்தான, போயிட்டு வாங்க” என்பாள். என்ன நாடகம் என்று அவளும் கேட்டதில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் யாரைக் குற்றம் சொல்லக் கிளம்பினோம்? யாரையும் கேட்காமல் வானத்தை நிரப்புகிறவர்களை. அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் செல்லூருக்கு வர மாட்டார்கள், நோட்டீஸ் வாங்க மாட்டார்கள். அவர்களைக் கேலி செய்தால் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. கைக்கு எட்டின தூரத்தில் இருந்தவள், வானத்தை நிமிர்ந்து பார்த்த ஒருத்தி. அவளைப் பிடித்துக்கொண்டோம். ராக்கெட் விட்டவனைப் பார்த்து ஒரு வார்த்தை சிரிக்காத கூட்டம், மகளுக்காக மண்டி போட்டவளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தது. சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பதினோராவது இடம் எங்கள் பங்குக் கோயில். திருவிழாவில் தேர் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கலைநிகழ்ச்சி வைப்பார்கள். பங்குத்தந்தை ஆசிரியரிடம் பேசி எங்கள் நாடகத்தைப் போட்டுவிட்டார். என் மனைவி தவறாமல் வருகிற இடம். ஆசிரியரிடம் போய் அந்தக் காட்சியை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன்.

“என்னண்ணே, அத எடுத்துட்டா நாடகத்துல என்ன இருக்கு? அக்கா பாத்தாச் சிரிக்கத்தான் போறாங்க” என்றார். அவளுக்கு எதுவுமே தெரியாது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் எப்பேர்ப்பட்டவன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் வேறு வழி பார்த்தேன். அன்றைக்குச் சோழவந்தானில் மச்சினன் பேத்திக்குக் காதுகுத்து. “நீ போயிட்டு, ராத்திரி தங்கிட்டு, காலையில தேருக்கு வா” என்று அவளை நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

அவள் தங்கவில்லை. புருஷன் நம் கோயிலிலேயே நாடகத்தில் இருக்கும்போது பார்க்காமல் இருப்பதா என்று மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பி வந்திருக்கிறாள். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அவளைக் கூப்பிட்டு முன்வரிசைப் பாயில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

நான் சேலையோடு வந்து நின்று நிமிர்ந்த பிறகுதான் அவளைப் பார்த்தேன். என்னைச் சேலையில் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துப் பெண்ணின் தோளைத் தட்டிக் காட்டினாள். சந்தோஷமாக இருந்தாள். அந்த நிமிஷம் மயக்கம் வந்தது மாதிரி விழுந்திருக்கலாம். வசனத்தை மறந்திருக்கலாம். எத்தனையோ செய்திருக்கலாம். நான் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்தேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு காதில் விழுந்ததும் கை தானாக அடுத்ததைச் செய்தது. முந்தானை. மூக்கு. ஆண்டவரே. மண்டி போட்டு “ஏங்க, ஜெபமாலைங்க” என்றேன்.

முன்வரிசைப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. பையன்களின் ஜிகினாத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் “எங்கிட்ட நெட்டு மட்டுந்தான் இருக்கு” என்றபோது பின்னால் விசில் பறந்தது. ஆசிரியர் வந்து நின்று, இது சாட்டிலைட், கடவுளோ பேயோ இல்லை, ஏமாறாதீர்கள் என்று விளக்கம் சொன்னார். அவள் எழுந்து போகவில்லை. நாடகம் முடிகிற வரை இருந்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டு, எல்லாரும் கைதட்டியபோது தானும் தட்டினாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டில் அவள் தேருக்குப் போடுவதற்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்புட்டு நாளாத் தெரியும்?”

“அவ போய் நாலஞ்சு மாசத்துல.”

“அப்ப ஒண்ணர வருசம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். காலைத் தொடப் போனேன், தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க கேலி பண்ணதக்கூட விட்ருவேங்க. நாலு பேரு சிரிச்சா எனக்கென்ன, தேஞ்சா போயிருவேன்? இந்த ஒண்ணர வருசமா நான் அதச் சொல்றப்பல்லாம் எதுத்தாப்புல உக்காந்து ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனீங்களே. அத எங்க கொண்டு போய் வைக்க?”

அவள் பூவைக் கட்டி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது. என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்க வேண்டும் என்றுதான் போட்டாள். நலம் விசாரிக்காமல் நேராகச் சொன்னாள்.

“அம்மா ஒன்னத் தப்பா அனுப்பிட்டேன்டா. அது ஜெபமாலை இல்லயாம். நெட்டுக்கு விடுற மிசினாம். ஒனக்கு அங்க கஷ்டமா இருந்தா எதப் பத்தியும் யோசிக்காத. கெளம்பி வந்துரு.”

“யம்மா, அது எனக்குத் தெரியும்.”

“என்னடி தெரியும்?”

“சாட்டிலைட்டுன்னு. நீ வந்து சொன்ன அன்னைக்கே போன்ல போட்டுப் பாத்தேன். படத்தோட வந்துச்சு.”

“ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா விட்ருப்பியா?”

என் மனைவி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள், “யம்மா... யம்மா, இருக்கியா? எனக்குப் போகணும்னு இருந்துச்சும்மா, அதான்” என்று என்னென்னவோ சொன்னாள். நான் அந்த வீட்டிலேயே இல்லாதவனைப் போல நின்றேன். மகள் அழ ஆரம்பித்ததும் இவள், “சரி விடு. சாப்ட்டியா? இடுப்பு வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள். பிறகு வழக்கம்போல ஐந்து நிமிடம் பேசினாள். ஆனால் “அவ காட்டுன வழி” என்கிற அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லவில்லை. பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்கு இடுப்பு வலி இன்னும் இருக்கிறது.

நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுசாகச் சொன்னேன். சாமியார் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். “நல்ல நாடகமாச்சே அது, மூடநம்பிக்கைய ஒழிக்கத்தான செஞ்சீங்க” என்றார். பரிகாரமாக மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நாடகத்தை விட்டேன். ஆசிரியர் வருத்தப்பட்டார், “அக்காவுக்குத் தெரியாதுன்னு சொல்லவே இல்லயேண்ணே” என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் நாடகம் நிற்கவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்து கிளார்க் ஒருவர் இப்போது அந்த வேடம் போடுகிறார். ஒத்திகைக்கு ஹாலைத் திறந்துவிடுவது என் வேலை. திறந்துவிட்டு வெளியில் நிற்பேன். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும், பிறகு “ஆண்டவரே”, பிறகு சிரிப்பு. அந்த மனிதர் என் மனைவியைப் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

என் மனைவி விசுவாசத்தை விடவில்லை. அப்படி நினைத்து யாரும் அவளைத் துக்கம் விசாரிக்க வேண்டாம். பூசைக்குப் போகிறாள், நவநாள் சொல்கிறாள், மாதா சுரூபத்துக்கு முன்னைவிட அதிகமாகவே பூ வைக்கிறாள். அடையாளம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். என்னோடும் பேசாமல் இல்லை. சோறு போடுகிறாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைக்கிறாள். ஆனால் நான் சொல்கிற எதையும் அவள் இப்போது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆறரைக்குப் பூசை என்று சொன்னால் பக்கத்து வீட்டில் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறாள். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்றால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள்.

போன வாரம் சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் சொட்டு என் கை மேலேயே விழுந்தது. “மழை வருது, துணிய எடு” என்று குரல் கொடுத்தேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. படியிறங்கி நின்று, கையை நீட்டி, தலையை நிமிர்த்தித் தானே பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கொடிக்குப் போனாள். அதற்குள் துணி பாதி நனைந்துவிட்டது.